ஈரக் கழிவு

மூன்று தரம் நிறுப்போம்.
மாதகல் கரையில் கடற்படை,
பிறகு பொலிஸ்,
கடைசியாக மல்லாகத்தில், என் மேசையில்.
ஒருநாளும் ஒரே எடை வந்ததில்லை.

கடல் நனைத்த பொதி, காய்ந்தால் குறையும்தானே தங்கச்சி
என்பார்கள்.
நானும் எழுதுவேன்:
ஈரக் கழிவு, நாலு கிலோ இருநூறு.
பன்னிரண்டு வருசமாக எழுதுகிறேன்.
அந்த ஈரத்தையெல்லாம் சேர்த்துவைத்திருந்தால்
ஒரு குளம் நிரம்பியிருக்கும்.
அதன் கரையில் இரண்டு மாடி வீடுகள் சில
எழும்பித்தான் இருக்கின்றன.
பெயர் சொல்லமாட்டேன்.
எனக்கும் ஓய்வூதியம் வேணும்.

போன வியாழன் கன்ரீனில் வாக்குவாதம்.
நல்லூரில் ஒரு மண்டபத்தில்
கொழும்பு வைத்தியர் ஒருவர் பேசிவிட்டுப் போனாராம்:
கஞ்சாவைச் சட்டமாக்குங்கோ,
வரி வரும், விலை விழும், கடத்தல் தன்பாட்டில் சாகும்.
முதலில் கொதித்தவர்
தவறணைக் குத்தகைக்காரர் சபாநடேசன்.
சமூகம் அழிஞ்சுபோகுமாம்.
சொல்லிமுடிக்கு முன்னர் அவர் வாயிலிருந்து
அவர் விற்கிற சாமானின் மணம் வந்து
என் வடைக்கு மேல் இருந்தது.

சட்டத்தரணி குகபாலன் சிரித்தார்.
"அப்ப நான் என்ன செய்யிறது?
திரும்பவும் வேலிச்சண்டை வழக்கோ?"
பகிடிதான்.
வெளியே அவருடைய புதுக் கார்,
இருக்கைகளில் பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை.

யன்னலுக்கு அந்தப்பக்கம் நின்று
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா புளோறன்ஸ்.
மகன் அனிஸ்ரனின் வழக்கு, நாலு கிராம்.
நாலு கிராமுக்கு ஈரக் கழிவு இல்லை.
மூன்று தராசிலும் நாலு
நாலாகவே வந்து சேரும்.

"பிள்ளை, அந்தச் சட்டம் வந்தால்
என்ர பெடியனை விடுவினமோ?"

அது கஞ்சாவுக்கு அம்மா.
உங்கட மகன்ர ஐஸ்.

கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு சொன்னா:
"முதல்தரம் பிடிக்கேக்க கஞ்சாச் சுருட்டுத்தான்.
மற்றதை மறியலுக்குள்ளதான் பழகினவன்.
உள்ளுக்க மூண்டு மடங்கு விலை.
ஆர் விக்கிறது எண்டு கேக்காதை.
காசு அனுப்பினது நான்தான்."

எரிக்கும் நாளும் வந்தது.
நீதவான் குடைக்குக் கீழே,
படம் பிடிக்கிறவர்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கம்.
நூற்றுப் பதினெட்டுக் கிலோ,
என் கணக்கின்படி.
புகை தோட்டங்களுக்கு மேலால் போய்
வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்களை இருமவைத்தது.
பக்கத்தில் நின்ற கொன்ஸ்தாபிள் மெதுவாகச் சொன்னான்:
"இண்டைக்கு இரவு விலை ஏறும் அக்கா.
நாங்கள் எரிச்சால் அவங்களுக்கு நல்லநாள்."

அன்றைக்கு எனக்கு விசேட படி ஆயிரத்து இருநூறு.
அதில்தான் மகளுக்குச் சப்பாத்து வாங்கினேன்.
கறுப்பு, ஒரு அளவு பெரிசு,
அடுத்த வருசமும் போடலாம்.

வைத்தியர் சொன்னது சரியோ தெரியாது.
எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில்
ஐஸ் புகுந்து கதவைக்கூட விற்றுவிட்டது.
அதைக் கடையில் வைத்து வில்லுங்கோ என்று
சொல்ல எனக்கு வாய் வராது.
ஆனால் இப்போதும் விற்கத்தான் செய்கிறார்கள்.
பற்றுச்சீட்டு மட்டும் இல்லை.

நேற்று நாலரைக்கு, அறையைப் பூட்டப் போகையில்
புளோறன்ஸ் வந்தா.
கைலேஞ்சியை அவிழ்த்து இரண்டு காப்பு.
"பிணைக்கு அடைவு வைக்கப்போறன்.
கடைக்காரன் பதினாலரை எண்டவன்.
உன்ர தராசு அரசாங்கத் தராசெல்லே,
ஒருக்கா நிறு."

சட்டப்படி நிறுக்கக் கூடாது.
நிறுத்தேன்.
பதினாறு.

"அப்ப மிச்சம் ஒண்டரை?"
ஊத்தைக்குக் கழிச்சிருப்பான், அம்மா.
"ஊத்தையோ?" என்றா.
சட்டைத் தொங்கலால் இரண்டையும் துடைத்து
திரும்பவும் தட்டில் வைத்தா.

பதினாறு.